அறுபத்திரண்டாவது உயிர்

எங்கள் கிணற்று ஆமை வாழைப்பழத் தோலைத் தொடாது, பிள்ளை. அதற்குப் பழம்தான் வேணும். இப்போது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நீலப் பேசினுக்குள் இருக்கிறது. பொழுதுபட முன்னம் யாராவது போய் அரைப் பழம் போட்டுவிட்டால் நல்லது. வீட்டைப் பூட்டின திறப்பு உங்களிடம்தானே இருக்கிறது.

சரி, எழுதுவோம். நான் தமிழில் சொல்ல, நீங்கள் அதைச் சிங்களத்தில் சொல்ல, அந்தப் பொலிஸ் ஐயா எழுத வேணும். மூன்று பேரின் கையில் ஏறி இறங்குகிற கதை. வழியில் ஒன்றும் சிந்தக் கூடாது என்பதற்காகத்தான் ஆறுதலாகச் சொல்கிறேன். உங்கள் பெயர் பிரியதர்சினி என்று சொன்னீர்கள். நான் பிள்ளை என்றே கூப்பிடுகிறேன், குறை நினைக்காதேங்கோ.

எனக்கு அவசரம் இல்லை. அவசரம் இக்ராமுக்குத்தான். அவன் உள்ளே இருக்கிறான். அவனுடைய மனைவி கைப்பிள்ளையோடு உங்கள் வாசல் வேம்புக்குக் கீழே இருக்கிறா. வரும்போது பார்த்தேன். பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்க்குரு. இக்ராம் கிணறு இறைக்கிறவன். எங்கள் கிணற்றை இறைக்க வந்தான், இறைத்தான், போனான். என் கணவர் சின்னராசாவை அவன் கொல்லவில்லை. ஒரு பிழையும் செய்யாத உயிரை அடைத்து வைத்திருப்பது எனக்குப் பொறுக்காது. அதற்காகத்தான் நானே ஓட்டோ பிடித்து வந்தேன்.

சின்னராசாவைக் கிணற்றில் வைத்திருந்தது நான். மூன்று நாள்.

இதை நீங்கள் முதலே என்னிடம் கேட்டிருக்கலாம். நாலு நாளாக எல்லாரிடமும் கேட்டீர்கள். என்னை மட்டும் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, "அழாதேங்கோ அம்மா" என்றீர்கள். நான் அழவில்லை, பிள்ளை. அது கச்சான் காற்று. இந்த மாதத்தில் கண்ணுக்குள் மணல் போகாத ஆள் திருகோணமலையில் இல்லை.

என் பெயர் பூரணி. வயது அறுபத்தெட்டு. அன்புவழிபுரத்தில் நாற்பத்து மூன்று வருடமாக ஒரே வீடு. சின்னராசாவுக்கு எழுபத்தொன்று. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களில் எலி, பூச்சி ஒழிக்கிற வேலை அவருக்கு. முப்பத்தொரு வருடம் செய்தார். மா மூட்டைக்குள் ஒரு வண்டு கிடந்தால் அன்றைக்கு அவருக்கு நித்திரை இல்லை. கெட்ட மனிசன் இல்லை, அதையும் எழுதுங்கோ. குடி இல்லை. நாற்பத்து மூன்று வருடத்தில் எனக்கு இரண்டே தரம்தான் அடித்தார், இரண்டு தரமும் என் பக்கத்திலும் சின்னப் பிழை இருந்தது. அவருக்குச் சுத்தம் வேணும். அவ்வளவுதான்.

எங்கள் பின்வளவு வெறும் மணல். விடிய எழும்பி ஈர்க்குமாறால் கூட்டுவேன். கூட்டின வரி நேராகக் கிடக்க வேணும். நடுவில் ஒரு புல் தலை நீட்டினால், "இஞ்சாரும், இதென்ன காடோ?" என்று கேட்பார். அந்தக் காலம் முழுக்க என் பின்வளவில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் கிணறு இருக்கிறது, உடுப்புக் காயப்போடுகிற கொடி இருக்கிறது, பழைய ஆட்டுக்கல் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

இந்த வைகாசியில் அவர் கண் புரை வெட்டக் கொழும்புக்குப் போனார். மகள் தர்சிகா வெள்ளவத்தையில் இருக்கிறாள். முதலில் ஒரு கண், ஆறவிட்டு மற்றக் கண், பிறகு ஓய்வு. ஆடி முடியுமட்டும் வரவில்லை. முதல் கிழமை வழமைபோலக் கூட்டினேன். ஒருநாள் முழங்கால் பிடித்துக்கொண்டது, கூட்டவில்லை. அடுத்தநாள் விடிய மணலில் கால் தடம் கண்டேன். புள்ளிப் புள்ளியாக, தையல் போட்டதுபோல, கிணற்றடியில் தொடங்கி ஆட்டுக்கல்லுக்குப் போனது. ஆட்டுக்கல்லைச் சற்றுச் சரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தேரை. என்னைப் பார்த்தபடி இருந்தது. நாற்பத்து மூன்று வருடமாக நான் தோசைக்கு அரைத்த கல்லுக்குக் கீழே ஒரு ஆள் குடியிருந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் தர்சிகாவின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்தேன். நான் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தது அதுதான். ஒன்று, தேரை, ஆட்டுக்கல்லுக்குக் கீழே. இரண்டு, கீழ்க்காய்நெல்லி, குளிக்கிற தண்ணி ஓடுகிற வாய்க்கால் ஓரம். மூன்று, அரணை. பெயர் தெரியாததுகளுக்குப் பெயர் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன், பொய்ப் பெயர் வைக்கவில்லை. குப்பைமேனி வந்தது, முடக்கொத்தான் வேலியில் ஏறியது, தொட்டாச்சுருங்கி பூத்தது. ஒரு செண்பகம் வேலி முள்ளுக்குள் கூடு கட்டியது. உடும்பு ஒன்று மத்தியானத்தில் வீட்டுக்காரர்போல வந்து தண்ணி குடித்துவிட்டுப் போகும். மழை இல்லாத கோடையில், கிணற்றடி ஈரத்தை மட்டும் நம்பி இவ்வளவும் வந்தன.

பதினேழாவதைப் பாருங்கோ. குழியானை. மணலில் புனல்போல ஒரு குழி செய்துவிட்டு அடியில் ஒளித்திருக்கும். நெல்லுமணி அளவு பூச்சி. எறும்பு விளிம்பில் கால் வைத்தால் சறுக்கிக் கீழே போகும். ஏறப் பார்க்கும். ஏற ஏற மணல் சரியும். கிட்டத்தட்ட விளிம்புக்கு வந்துவிட்டால், அடியில் இருக்கிறது மணலை மேலே வீசி எறியும். எறும்பு திரும்ப விழும். நான் கோழிக்கதிரை என்று சொல்கிற, குந்தி இருக்கிற சின்னக் கட்டையைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எறும்பை ஒருநாளும் நான் பிடித்துப் போட்டதில்லை. தானாக விழுந்ததைத்தான் பார்த்தேன்.

முப்பத்தெட்டாவது, அரசங்கன்று. கிணற்றின் உட்சுவரில், இரண்டு ஆள் ஆழத்தில், கல் இடுக்கில் முளைத்திருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியை வெயிலுக்குப் பிடித்து, வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் திருப்பித்தான் அதைப் பார்ப்பேன். கிணற்றுக்குள் விழுந்த சாமான் தேடுவதற்கு நாங்கள் செய்கிற முறைதான். ஆனியில் மூன்று இலை. ஆடி முடிவில் ஏழு. ஒவ்வொரு இலையும் வெளிவரும்போது செம்பு நிறமாக இருக்கும், பிறந்த பிள்ளையின் காதுபோல.

அவர் வந்தார். புதுக் கண்ணோடு வந்தார். முந்தி அவருக்குப் புல் மட்டும்தான் தெரியும்; இப்போது எறும்பின் கால்கூடத் தெரிந்தது. கேற்றில் நின்றபடியே பின்வளவைப் பார்த்துவிட்டு, "நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டீரோ?" என்று கேட்டார். பெட்டியை உள்ளே வைக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார்.

கொப்பியில் செத்ததுகளுக்குச் சிவப்புப் பேனையால் நான் கோடு போட்டதெல்லாம் அவர் வந்த பிறகு, பத்து நாளில். தேரையைக் குறட்டால் பிடித்து உப்புப் போட்டார். அது சுருளுவதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். கோபத்தில் இல்லை, நான் பழகவேணும் என்று. செண்பகத்தின் கூட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தார். உள்ளே இரண்டு குஞ்சு. தாய் பின்னேரம் மட்டும் வேலிக்கு மேலே சுற்றியது. உடும்பை இரும்பு அலவாங்கால் முதுகில் அடித்தார். அது செத்துமுடிய ஒரு மணித்தியாலம் ஆனது, அவர் அதற்குள் குளித்துச் சாப்பிட்டு முடித்தார். ஒரு ஓணானை உயிரோடு வேலிக்கட்டையில் ஆணியால் அறைந்தார், மற்றதுகள் பார்த்துப் பயப்படட்டும் என்று. இரண்டு நாள் அது தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் உடுப்புக் காயப்போடும்போது என்னைப் பார்த்து ஆட்டியது. குழியானைக் குழிகளுக்கெல்லாம் கொதிதண்ணி. கடைசியில் கிணற்றுக்குள் ஒரு பை பிளீச்சிங் தூள். டெங்கு வராமலிருக்கச் சுகாதாரப் பகுதிப் பிள்ளைகள் தந்த கப்பி மீன் முழுக்க வெள்ளையாக மிதந்தது. ஆமை மட்டும் தப்பியது. அது நாங்கள் கலியாணம் கட்டின வருடம் அவருடைய தாய் கிணற்றில் விட்ட ஆமை. ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளத் தெரிந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இஞ்சாருங்கோ, எல்லாம் சரி. அந்த அரசங்கன்றை மட்டும் விடுங்கோ."

"கிணறு வெடிக்கும்."

"வெடிக்க இன்னும் இருபது வருசம் கிடக்கு. நாங்கள் இருக்கவோ போறம்?"

"அதுக்காக? சாகப்போறம் எண்டு பல்லுத் தீட்டாமல் விடுறதோ?"

நல்லாகத்தான் கதைப்பார். எனக்கே சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இக்ராம் பம்போடு வந்தான். பிளீச்சிங் தண்ணியை முழுக்க இறைத்து, சேறு அள்ளி, ஆமையைப் பேசினில் எடுத்து வைத்து, திரும்ப விட்டான். அரசங்கன்றைப் பிடுங்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டான்.

"ஏன்டா, உனக்கென்ன சாமியோ அது?" என்றார் இவர்.

"எனக்குச் சாமியில்ல ஐயா. அது சாமியா இருக்கிற ஆக்கள் இந்த ஊர்ல நிறைய இருக்காங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து ஆர்ரா அரசமரத்துல கைவெச்சதெண்டு கேட்டா, உங்கட பேர் வராது. என்ட பேர்தான் வரும்."

"பயந்தாங்கொள்ளி. தள்ளு, நாளைக்கு நானே இறங்கிறன்."

"இறங்குங்க, இறங்குங்க. எழுபது வயசுல இறங்கிறது லேசு. ஏத்திவிடத்தான் ஆள் வேணும், அத மறந்துராதீங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தவராசா நின்று சிரித்தார். அவர்தான் இந்தக் கதையை உங்களிடம் சொன்னவர். பொய் சொல்லவில்லை. ஆனால் இக்ராம் பகிடிக்குச் சொன்னான், பிள்ளை. அதை யோசித்துப் பார்த்தது நான்தான்.

திங்கட்கிழமை விடிய தவராசா வீட்டார் வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு நடக்க வெளிக்கிட்டார்கள். மற்றப் பக்கத்து வீடு கனடாக்காரருடையது, பூட்டியே கிடக்கிறது. பின்னால் ஆளில்லாத பனை வடலிக்காணி. சின்னராசா எட்டு மணிக்குக் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். எங்களிடம் ஒரு நூலேணி இருக்கிறது, உடைக்கக் கொடுத்த கப்பலில் இருந்து அவர் கொண்டுவந்தது. கிணற்றுத் தூணில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நான் மேலே நின்றேன்.

அவர் அடியில், இடுப்பளவு தண்ணியில் நிற்கும்போது ஏணியை இழுத்தெடுத்தேன். அரசங்கன்றைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. நனைந்த ஏணி நல்ல பாரம். சேறு பட்டிருந்தது, கழுவிக் கொடியில் காயப்போட்டேன். நீங்கள் இக்ராம் களவெடுத்தான் என்று தேடுகிற ஏணி இப்போது என் அலுமாரியில், சீலைகளுக்குக் கீழே மடித்துக் கிடக்கிறது.

முதலில் அவர் நம்பவில்லை. "இஞ்சாரும், விளையாடாதையும்," என்றார். பிறகு ஏசினார். பிறகு கத்தியை மேலே எறிந்தார். அது கிணற்றுக் கட்டில் பட்டுத் திரும்ப விழுந்து அவருடைய தோளைக் கிழித்தது. உங்கள் டொக்டர் எழுதியிருக்கிற வெட்டுக் காயம் அதுதான், இக்ராம் வெட்டினதில்லை. மத்தியானம் சுவர் இடுக்குகளில் கால் விரலைச் செருகி ஏறப் பார்த்தார். ஒரு ஆள் உயரம் ஏறிவிட்டார். கல் வழுக்கும் பிள்ளை, பாசி. விழுந்தார். திரும்ப ஏறினார். நாலாம் தரம் விழுந்தபோது கணுக்கால் உடைந்த சத்தம் மேலே கேட்டது. காய்ந்த மட்டை முறிகிறமாதிரி.

நான் குழியானை பார்க்கிற கட்டையைக் கிணற்றடியில் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அறுபத்திரண்டாவதை வாசிக்கப் போகிறீர்களா? நானே சொல்கிறேன், என் எழுத்து விளங்காது. "அறுபத்திரண்டு. பெயர் தெரியும். கிணற்றின் அடியில். ஆண். பகலில் சத்தம் போடும். வெயில் ஏறினால் நிழல் பக்கம் ஒதுங்கும். தண்ணீர் குடிக்கும். இரை இல்லை."

ஓம், எல்லாவற்றையும்போலத்தான் எழுதினேன். ஒன்றுக்குக் கூட்டியும் மற்றதுக்குக் குறைத்தும் எழுதவில்லை.

பின்னேரம் தண்ணி அள்ளப் போனேன். முன்முற்றத்தில் அவர் விட்டுவைத்த நித்தியகல்யாணி மூன்று நிற்கிறது, தண்ணி ஊற்றாமல் விட ஏலாது. வாளியை இறக்கினேன். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கோ, பூங்கன்று வாடுது," என்றேன். விடவில்லை. இழுத்தார். இந்தா, என் உள்ளங்கையைப் பாருங்கோ, கயிறு உரித்தது. நான் கயிற்றை ஒரு தரம் தளரவிட்டு, பிறகு வெடுக்கென்று இழுத்தேன். வாளி விளிம்பு அவருடைய வாயில் பட்டது. அதற்குப் பிறகு அவர் வாளியைத் தொடவில்லை. முன்பற்கள் இரண்டு அதில் போனவை. பெரிய காயம் வேறு, அதற்கு வருகிறேன்.

ஆமைக்குப் போட்ட வாழைப்பழத்தை அவர் எடுத்துச் சாப்பிட்டார். அதை எழுதுகிறீர்களா? அது எனக்கு உண்மையில் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் கண்ணாடியால் வெளிச்சம் திருப்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி விழுந்துவிட்டது போல. கையால் முகத்தை மூடிக்கொண்டார். புதுக் கண்ணுக்கு வெயில் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாவம் என்று கிணற்று வாய்க்கு வலை போட்டு, மேலே தென்னோலைக் கிடுகும் பரப்பிவிட்டேன்.

அன்றைக்குப் பத்து மணிபோல இக்ராம் வந்தான், ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன பம்புக் குழாயை எடுக்க. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கிணற்றடியில் நின்றுதான் குடித்தான். சின்னராசாவுக்கு அப்போது தொண்டை அடைத்துவிட்டது, குரல் இல்லை. கத்திப்பிடியால் சுவரில் தட்டினார்.

"கிணத்துக்குள்ள என்னம்மா டக்டக்கெண்டு சத்தம்?"

"ஆமை, மகனே. ஓட்டைக் கொண்டுபோய்ச் சுவரில முட்டுது."

"அதுக்கும் ஐயாட குணம் வந்திட்டுப் போல." சிரித்தான். "ஐயா எங்க?"

"வெருகலுக்குப் போட்டார்."

"நடந்தா? இந்த வயசுலயா? ஆள் லேசுப்பட்ட ஆளில்ல."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். நல்ல பழக்கம் உள்ள பிள்ளை. உங்களிடம் அவன் ஆமை தட்டினது என்று சொன்னானாம், நீங்கள் பொய் என்று அடித்தீர்களாம். அவன் சொன்னது உண்மை. அப்படித்தான் நான் அவனுக்குச் சொன்னேன். அவனுக்கும் என் கணவருக்கும் நடுவில் இருந்தது நாலு கிடுகு. அவன் ஒன்றைத் தூக்கிப் பார்த்திருந்தால் இன்றைக்கு நாங்கள் எல்லாரும் வீட்டில் இருப்போம்.

அவன் போய் அரை மணித்தியாலம் ஆனது. பிறகு அறுபத்திரண்டாவது அழுதது. கொப்பியில் நேரம் இருக்கிறது.

மூன்றாம் நாள் புதன்கிழமை. கிடுகை எடுத்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். காலைத் தூக்கி வைத்திருந்தார். முகம் ஊதி, உதடு வெடித்து, வேறு ஆள்மாதிரி. இரண்டு கையிலும் ஆமை. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏணியைப் போடு," என்றார். காற்றுத்தான் வந்தது, சொல் இல்லை. ஆனாலும் விளங்கியது. "போடு. இல்லாட்டி இதைச் சுவரில அடிப்பன்."

நாற்பத்து மூன்று வருடத்தில் எனக்கு எது பெறுமதி என்று அவர் யோசித்தது அன்றைக்குத்தான். சரியாகவும் கண்டுபிடித்தார். ஒரு தரம் அடித்தும் காட்டினார். ஓட்டின் ஓரம் ஒரு துண்டு தெறித்தது.

"அடிக்காதேங்கோ. போடுறன்," என்றேன். "ஏணி பாரம். முதல்ல அதை வாளிக்குள்ள வையுங்கோ. எடுத்துப்போட்டு ஏணியை விடுறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாளியை இறக்கினேன். நன்றாக யோசித்தார். நான் ஒருநாளும் அவரிடம் பொய் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரியும். வைத்தார். மெதுவாக, தலை இடிபடாமல் வைத்தார். ஆமையைத் தூக்கியெடுத்து நிழலில் விட்டேன். ஓட்டுக்கு மஞ்சள் பூசினேன். அதெல்லாம் செய்துவிட்டுத்தான் திரும்பிப் போனேன்.

"இப்ப வருது. கையை நீட்டிக்கொண்டு நடுவில நில்லுங்கோ," என்றேன்.

அவர் வந்து நின்றார். ஒற்றைக் காலில், இரண்டு கையையும் மேலே நீட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி அவர் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். ஆட்டுக்கல்லின் குழவியை உருட்டிக்கொண்டு வந்து, உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஏற்றி, அங்கிருந்து கிணற்றுக் கட்டின் மேல் ஏற்றினேன். இடையில் இரண்டு தரம் மூச்சு வாங்க நின்றேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தள்ளினேன்.

அந்தப் பெரிய காயம் அதுதான். மண்டை உடைந்ததும் கழுத்து முறிந்ததும் ஒரே கல்லில். இரும்புக் கம்பி என்று எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கோ. குழவி இன்னும் சேற்றுக்குள் கிடக்கிறது. உங்கள் ஆட்கள் உடலைத் தூக்கின கையோடு போய்விட்டார்கள், அடியைத் துழாவவில்லை. இறைத்துப் பாருங்கோ. இறைக்க இக்ராமையே கூப்பிடுங்கோ, அந்தக் கிணற்றின் ஊற்று அவனுக்குத்தான் தெரியும். முடிந்ததும் ஆமையைத் திரும்ப விடச் சொல்லுங்கோ.

இரக்கம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இரக்கத்தில்தான் பிள்ளை. மூன்று நாளாக வேதனைப்படுகிற ஒரு உயிரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. ஓணானுக்கு நான் அந்த உதவியைச் செய்யவில்லை. இன்னும் மனதில் குத்துகிறது.

என்ன பார்க்கிறீர்கள்? ஓ, முப்பத்தெட்டாவது. இல்லை, பக்கம் மாறவில்லை. அரசங்கன்றுக்கும் சிவப்புக் கோடுதான். தேதி திங்கள், ஓம். எட்டரை மணி.

ஐயா கேட்பது நியாயம்தான். கன்று நின்றது நடுச்சுவரில். அதை ஏணியில் நின்றபடியே வெட்டலாம், அடிக்கு இறங்கத் தேவையில்லை. ஏணியில் நின்றுதான் வெட்டினார். வெட்டி, "இந்தாரும், உம்மட பிள்ளை," என்று மேலே எறிந்தார். அப்போது கத்தி கை தவறித் தண்ணிக்குள் விழுந்தது. அதை எடுக்கத்தான் அடிக்குப் போனார். குனிந்து சேற்றுக்குள் துழாவிக்கொண்டிருந்தார்.

கன்று என் காலடியில் கிடந்தது. ஏழு இலையையும் எண்ணிப் பார்த்தேன். வளவைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல், நேர் வரி. அணில்கூட இல்லை. பார்க்கிறதுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, பிள்ளை. கொப்பியில் இன்னும் ஆறு பக்கம் இருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன், பிறகு ஏணியை மேலே இழுத்தேன்.

கன்றைக் காப்பாற்றத்தான். நீங்கள் அப்படியே எழுதுங்கோ.